தாமே இறங்கி வந்த கிரேன் ஓட்டுநர் ராயப்பன் அவர்களுக்கு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் இரும்புக் கூரையின்கீழ், எங்கள் தலைக்கு மேலே கால் நூற்றாண்டுக் காலம் அமர்ந்திருந்தும் தலைக்கனம் தலைகாட்டாத தகைமையாளரே! பதினைந்து டன் பாரத்தையும் பால்குடம் இறக்குவதுபோல் பதமாய், பக்குவமாய், பதறாமல் இறக்கிவைத்த பண்பாளரே! கீழே நிற்பவரின் கைச்சைகை ஒன்றே கட்டளையெனக் கொண்டு கண்ணிமைக்காது கடமையாற்றிய கைவல்லாரே! நசரத்பேட்டையிலிருந்து நாள்தோறும் நேரம் தவறாது வந்து, முப்பத்து நான்கு ஆண்டுப் பணியை முடித்து இன்று விடைபெறும் எங்கள் ராயப்பன் அவர்களே! கனரகக் கூடத்துத் தோழர்கள் அனைவரின் வணக்கம்!

மடலில் நற்பண்புகளை அடுக்குவது மரபு. அவற்றை மேலே அடுக்கிவிட்டோம். மிச்சத்தை உங்கள் முகத்துக்கு நேரே 'நீங்கள், நீங்கள்' என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே இனி 'அவர்' என்றே சொல்கிறோம். யாரோ ஒருவர் கதையைப் போலக் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் நோயைப் பற்றி மேடையில் பேசலாமா என்று போன வாரம் கேட்டபோது, "பேசுங்க. ஆனா தப்புத் தப்பாப் பேசாதீங்க" என்றீர்கள். அதற்காகவே டாக்டர் ஷோபனாவிடம் போய் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

தொண்ணூற்றொன்றில் வேலைக்குச் சேர்ந்த ராயப்பனுக்கு அந்தக் கேபின்தான் உலகம். நாற்பத்திரண்டு படி ஏணி. ஏறி உட்கார்ந்தால் கூடம் முழுவதும் கண்ணுக்குள் இருக்கும். வலக்கை லீவர் சுமையைத் தூக்கும், இறக்கும். இடக்கை லீவர் கிரேனை நகர்த்தும். காலடியில் எச்சரிக்கை மணி. இந்த மூன்றையும் தன் உடம்பின் பாகம்போல அவர் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ஏணி அவருக்கு நீண்டு போயிற்று. இருபதாம் படியில் நின்று மூச்சு வாங்கினார். படுத்தால் நெஞ்சில் குத்தியது. எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் விட்டது. மூன்று நாள் உட்கார்ந்தபடியே தூங்கிய பிறகு, மனைவி ஞானகுமாரி அவரைப் பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். எக்ஸ்ரேயில் இதயம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. எக்கோ எடுத்தார்கள். இதயம் பெரிதாகவில்லை, அதைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்திருந்தது.

நம் ஊரில் இதய உறையில் நீர் என்றால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அந்த மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. காசநோய் மாத்திரையோடு, வீக்கம் வற்றுவதற்காகச் சில வாரம் ஸ்டீராய்டும் கொடுத்தார். பத்தே நாளில் ராயப்பன் ஏணியில் தாவி ஏறினார். நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். அவரை எழுப்பி நிறுத்தியது ஸ்டீராய்டுதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஸ்டீராய்டு நின்றது. ஆகஸ்டில், மனைவி தடுத்தும் கேளாமல், காவி வேட்டி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தார். பத்து நாள் வெயில். திரும்பி வந்தபோது மூக்கின் இரு பக்கமும் கன்னம் சிவந்து தடித்திருந்தது. விரல் மூட்டுகள் வீங்கிச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வாய்க்குள் புண். செப்டம்பரில் மறுபடியும் நெஞ்சு குத்தியது, மறுபடியும் நீர்.

இந்த முறை ஞானகுமாரி கணவரை நகரத்துப் பெரிய மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போனார். அங்கேதான் டாக்டர் ஷோபனா இருந்தார். கன்னத்தைப் பார்த்தார், விரலை அமுக்கினார், வாயைத் திறக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனை வந்ததும் இருவரையும் உட்காரவைத்தார்.

"இது டிபி இல்ல. லூபஸ். நோயை விரட்டுறதுக்கு உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம நம்ம உடம்பையே அடிக்குது. இது வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேர் பொம்பளைங்க. அதான் உங்களப் பாத்தா யாருக்கும் தோணல."

"இருதயம் கெட்டுப்போச்சா டாக்டர்?"

"கெடல. வெளி உறை வீங்கியிருக்கு, மாத்திரையில வத்திடும். ஆனா அதோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. சிலருக்கு இருதயத் தசையத் தொடும். பம்ப் பண்ற சக்தி குறையும். சிலருக்கு வால்வத் தொடும். இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய்ல சின்ன வயசுலயே கொழுப்பு படியலாம். துடிப்பு தப்பலாம். எல்லாருக்கும் எல்லாமும் வராது. உங்களுக்கு எது வரும்னு எனக்குத் தெரியாது. அதனால வருஷா வருஷம் எக்கோ பாக்கணும், மாத்திரையை விடக்கூடாது, வெயில்ல அலையக்கூடாது."

'எனக்குத் தெரியாது' என்று ஒரு மருத்துவர் சொன்னது ராயப்பனுக்குப் பிடித்துப்போயிற்று. பீடியை அன்றே விட்டார். மாத்திரையையும் ஒரு வேளைகூட விடவில்லை. ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது மனைவியிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"ஷாப்புல யாருக்கும் சொல்லிடாத. வாதம்னு சொல்லிக்கிறேன்."

"ஏன்?"

"பொம்பளைங்க நோயாமே. அசிங்கமாப் பூடும். அதுவுமில்லாம, இருதயம்னு தெரிஞ்சா கேபின்லேருந்து எறக்கிருவாங்க."

இரண்டில் எது பெரிய காரணம் என்று ஞானகுமாரி கேட்கவில்லை. இரண்டாவதுதான் என்று அவருக்குத் தெரியும்.

எட்டு ஆண்டுகள் அப்படியே ஓடின. வெளி உறையில் நீர் கோக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை கிரேன் ஓட்டுநர்களுக்கு நடக்கும் தகுதிச் சோதனையில் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன. அவர் கன்னம் சிவக்கும் நாட்களில், "இன்னா அண்ணாத்தே, மேக்கப்பா?" என்று கலாசி பாபு கீழேயிருந்து கத்துவார். சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டிக் கையசைக்கிறவர் பாபு. மேலே ராயப்பன், கீழே பாபு என்று பதினாறு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர்கள். இவர் விரல் அசைவுக்கு அவர் லீவர் அசையும்.

இரண்டாயிரத்துப் பதினாறு மார்ச் மாத எக்கோவில் கதை மாறிற்று. டாக்டர் ஷோபனா அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"இடப்பக்கம் இருக்கிற மைட்ரல் வால்வு தடிச்சிருக்கு. அது ஓரத்துல மரு மாதிரி சின்னச் சின்னதா வளந்திருக்கு. கிருமி இல்ல, லூபஸ் பண்ற வேலை. வால்வு சரியா மூடாம கொஞ்சம் ரத்தம் பின்னால ஒழுகுது. அதைவிட எனக்குப் பயம் வேற. அந்த மருவுலேருந்து துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போயிடலாம். உங்க ரத்தமும் சுலபமா உறையுற ரத்தம். நாளைக்கே ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஆரம்பிக்கணும்." எழுதிக்கொண்டே கேட்டார்: "என்ன வேலை பாக்குறீங்க?"

"டூல் ரூம்ல டாக்டர். உக்காந்த எடத்துல சாமான் எடுத்துக் குடுக்குறது" என்றார் ராயப்பன்.

மார்ச் மாதம் முடிவதற்குள் அனுப்பவேண்டிய சரக்கு கூடம் நிறையக் கிடந்தது. மாத்திரையை ஆரம்பித்தால் அடிக்கடி ரத்தம் சோதிக்க விடுப்பு எடுக்கவேண்டும். ஏப்ரல் முதல் தேதி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞானகுமாரியிடம், "எல்லாம் பழையபடிதான்" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி முற்பகல் பதினொன்று. ஒன்பது டன் கியர் பாக்ஸ் உறை ஒன்று கொக்கியில் தொங்க, கூடத்தின் நடுவழியில் கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது. கீழே பாபுவும் இன்னும் இருவரும். திடீரென்று அவருடைய இடக்கை லீவரிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. எடுத்து வைக்கப் பார்த்தார், கை வரவில்லை. அந்தக் கை யாருடையதோ போலக் கிடந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். லீவர் தானாக நடுநிலைக்குப் போனதால் கிரேன் சட்டென்று நின்றது. நின்ற வேகத்தில் சுமை ஊஞ்சல்போல் ஆடத் தொடங்கியது. "நவுருங்க" என்று கத்த வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை, வந்தது ஏதோ ஒரு சத்தம்.

கால் வேலை செய்தது. எச்சரிக்கை மணியை மிதித்தவர் காலை எடுக்கவேயில்லை. அவர் அப்படி மணியடித்து யாரும் கேட்டதில்லை. பாபு ஒரு கணம் மேலே பார்த்தார். அடுத்த கணம் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ராயப்பன் வலக்கையால் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அது ஒரு தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்து, வண்டியைத் தகடாக்கி, சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை.

மின்பணியாளர் தசரதன் மேலே ஏறி வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் ராயப்பனின் விரல்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கியிருந்தன, நாக்கும் திரும்பியிருந்தது.

"இன்னாண்ணே ஆச்சு?"

ராயப்பன் தன் இடக்கையைப் பார்த்தார். அது இப்போது நன்றாக இருந்தது.

"லீவரு மாட்டிக்கிச்சு" என்றார்.

தசரதன் லீவரைக் கழற்றி மாட்டினார்; மறுபடி கழற்றினார். ஒன்றும் தெரியவில்லை. முந்தைய சனிக்கிழமைதான் அவர் அதைச் சோதித்து ஏட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். மாலை நான்கு மணிக்கு, சரியாகச் சோதிக்காமல் கையெழுத்திட்டதாகத் தசரதனுக்கு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று போர்மேன் குணசேகரன் சொல்லிவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தசரதன் கூடத்தின் வழியாக நடந்துபோனதை ராயப்பன் கேபினுக்குக் கீழே நின்று பார்த்தார். தசரதன் இவர் பக்கம் திரும்பி, "லீவர்ல ஒண்ணுமே இல்லண்ணே" என்று மட்டும் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. தனக்கே புரியாமல் கேட்கிற குரலில்.

வீட்டுக்குப் போனதும் ராயப்பன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்: வால்வு, மரு, மாத்திரைச் சீட்டு, கை விழுந்தது, தசரதன் போனது. ஞானகுமாரி அழவில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"பதினாலு நாள்" என்றார். பிறகு, "கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

"காலைல ஷாப்புக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

"அதுக்குள்ள மறுபடி கை வுழுந்தா?"

"வுழாதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைச்சு நெனைச்சுத்தான் இங்க வந்து நிக்குது." சீட்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்தபடி ஞானகுமாரி சொன்னார்: "இப்ப ஆஸ்பத்திரி. காலைல அவங்க வுட்டா ஷாப்பு. வுடலன்னா நான் போய்ச் சொல்றேன். அந்த மனுஷன் வேலைக்குப் போவாம உக்காந்திருக்க, நீங்க முழுங்குற மாத்திரை எறங்காது."

அன்று இரவே சேர்த்தார்கள். ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் ஒரு சிறு புள்ளி. நிரந்தரமான பாதிப்பு எதுவுமில்லை. மறுநாள் காலை மருத்துவமனையில் அவரை வெளியே விடவில்லைதான். நான்காம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், வீட்டுக்குப் போகாமல் ஆட்டோவை நேரே ஆலைக்கு விடச் சொன்னார். இதற்குள் ஞானகுமாரி சொன்னபடியே ஆலைக்கு வந்து, குணசேகரனிடம் மட்டும் விவரத்தைச் சொல்லி, தசரதனைத் திரும்ப அழைக்கவைத்திருந்தார். ஆனாலும் ராயப்பனுக்கு அது போதவில்லை. மனைவி காவலர் அறையில் காத்திருக்க, காலைக் கூட்டத்தில் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"லீவர்ல கோளாறு இல்ல. கோளாறு எங்கிட்ட. எட்டு வருஷமா எனக்கு லூபஸ்னு ஒரு நோய் கீது. அது இருதயத்து வால்வுல வந்து ஒக்காந்துகிச்சு. அன்னிக்குக் கை வுழுந்துடுச்சு. நான்தான் பொய் சொன்னேன். தசரதன் மேல தப்பு இல்ல. இனிமே நான் மேல ஏறப்போறதில்ல."

பாபுதான் கேட்டார்.

"டாக்டரு சொன்னது எப்போ?"

"ஆக்சிடெண்டுக்குப் பதினாலு நாள் முன்ன."

"அப்போ தெரிஞ்சேதான் எங்க தலைக்கு மேல ஏறினியா?"

"தெரிஞ்சேதான்."

பாபு கையுறைகளை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

இந்த இடத்தை நாங்கள் மழுப்பப் போவதில்லை. அந்த வாரம் எங்களில் சிலர் அவரைப் பாராட்டினோம், பலர் பாராட்டவில்லை. 'பொம்பள நோய்' என்று கேன்டீனில் சிரித்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். தசரதன் மட்டும் அவரிடம் போய்ச் சொன்னார்: "நாலு நாள் என் பொண்டாட்டி புள்ளைங்களே என்னைச் சந்தேகமாப் பாத்துச்சுங்கண்ணே. நாலு நாளோட வுட்டீங்களே, அது போதும்."

ராயப்பன் டூல் ரூமுக்கு மாற்றப்பட்டார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, மார்ச்சில் பொய் சொன்னதை டாக்டர் ஷோபனாவிடம் சொன்னார். "உண்மைய சொல்லியிருந்தா அன்னிக்கே உங்களை அட்மிட் பண்ணியிருப்பேன்" என்றார் டாக்டர். அதற்குமேல் திட்டவில்லை. அதுதான் தன்னை உறுத்திக்கொண்டே இருந்தது என்று ராயப்பன் சொல்வார்.

ரத்தம் உறையாமைக்கு மாத்திரை, மாதாமாதம் ரத்தச் சோதனை. மூளைக்கு மறுபடி எதுவும் போகவில்லை. ஆனால் வால்வின் ஒழுக்கு கூடிற்று. பின்னால் ஒழுகும் ரத்தத்தையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இட அறை அகன்றது. அகன்ற அறையின் பிடிமானம் தளர்ந்தது. அறுபது விழுக்காட்டில் இருந்த இதயத்தின் பம்பு அளவு நாற்பத்தைந்துக்கு இறங்கியது. டூல் ரூமில் ஸ்பேனர் எடுக்கக் குனிந்து நிமிர்ந்தால் இளைத்தது. லூபஸ் ஆறு மாதம் அடங்கியிருக்கட்டும் என்று காத்திருந்து, இரண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பரில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். ரத்தம் கொடுக்க ஐந்து பேர் வேண்டும் என்றார்கள்.

அன்று காலை ஆறரை மணிக்கு மருத்துவமனை வாசலில் நான்கு பேரோடு பாபு நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை ஆண்டாக ராயப்பனிடம் ஒரு வார்த்தை பேசாதவர். ஞானகுமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"பேசறதுக்கெல்லாம் வரலக்கா. ரத்தம் குடுக்க வந்துகீறோம். எங்க போணும்னு காட்டுங்க."

நைந்துபோன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். எடுத்ததைச் சோதித்ததில், டாக்டர் சொன்னபடியே, கிருமி ஏதுமில்லை. ஐந்தாம் நாள் பாபு வார்டுக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மார்பிலிருந்து கடிகாரம்போல் டிக் டிக் என்று கேட்டது.

"இன்னா சத்தம் அது?"

"புது வால்வு. மூடுறப்ப கேக்கும்."

பாபு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "மணியை மட்டும் நீ மிதிக்காம இருந்திருந்தேன்னு வெச்சுக்கோ..." என்று தொடங்கியவர் முடிக்காமல், வாங்கிவந்த சாத்துக்குடியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

மூன்று மாதத்தில் ராயப்பன் டூல் ரூமுக்குத் திரும்பினார். பம்பு அளவு ஐம்பத்திரண்டு வரை ஏறி நின்றது. நிர்வாகத்துக்கு அவர் எழுதிய ஒரே விண்ணப்பம் அந்த ஆண்டில்தான். கிரேன் ஓட்டுநர்களின் தகுதிச் சோதனையில் எக்கோவும் சேர்க்கவேண்டும். கூடவே படிவத்தில் ஒரு கேள்வியும் சேர்க்கவேண்டும் என்று கேட்டார். இரண்டும் ஏற்கப்பட்டன. படிவத்தின் ஒன்பதாவது கேள்வி இன்றும் அவர் எழுதிக் கொடுத்தபடியே இருக்கிறது: 'நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் உண்மையாகச் சொன்னீர்களா?'

போன வாரம், இந்த விழாவுக்காக அவரைக் கடைசியாக ஒரு முறை கேபினில் உட்காரவைத்துப் படமெடுக்க ஆசைப்பட்டோம். கிரேனை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, நாங்களே கைத்தாங்கலாக ஏற்றுகிறோம் என்றோம். ஏணியின் முதல் படியில் கைவைத்து மேலே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஏற ஆசை இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

"வேணாம்பா. ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன் இல்ல" என்றார். "கீழ நிக்கிறேன். பாபு, நீயும் வா."

எனவே மேடையில் நீங்கள் காணும் படத்தில் இருவரும் தரையில் நிற்கிறார்கள்.

இனி நேரே உங்களிடமே பேசுகிறோம், பெருந்தகையீர்! நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தினால், 'அதை எப்படிப்பா இப்பவே சொல்ல முடியும்?' என்று கேட்பீர்கள். ஆகையால் அளந்தே வாழ்த்துகிறோம். வரும் மார்ச்சில் எடுக்கும் எக்கோ அறிக்கையின் கடைசி வரியில் 'சென்ற ஆண்டைப் போலவே. மாற்றம் ஏதுமில்லை' என்று எழுதப்படுவதாக! அதற்கடுத்த மார்ச்சிலும் அவ்வாறே ஆகுக! ஆண்டுதோறும் அந்த ஒற்றை வரியை ஞானகுமாரி அம்மையார் படித்துப் பார்த்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, 'வாங்க, சாப்டுப் போலாம்' என்று உங்களை அழைத்துச் செல்வாராக!

என்றும் உங்கள்,
கனரகக் கூடத்துத் தோழர்கள்,
அம்பத்தூர்.
31 மே 2025